சுவரில் மாட்டிய ஆட்டக்காரி

மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரக்கம்பம் ஒன்றை நடுவார்கள். சாயங்காலம் மேளம் கொட்டினால் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவோம். நான் ஆடுவது, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பைத் தொலைத்தவன் நடப்பது போல இருக்குமாம். பொய்யில்லை. முதலில் தொப்பை ஆடும், பின்னாலேயே நான் போவேன்.

இந்த வருடம் என் சம்சாரம் தடை போட்டுவிட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வரும் முதல் நோம்பி. ஈரோட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

"ஏனுங்க, அவிங்க முன்னாடி வேட்டிய மடிச்சுக் கட்டீட்டுக் குதிச்சுப்போடாதீங்க. அப்பறம் புள்ளையத்தான் சொல்லிக்காட்டுவாங்க."

"சரி அம்மணி" என்றேன். சொல்லும்போதே கால் அரித்தது.

சுவரில் ஓட்டை போட்டுப் படம் மாட்டுவது என் பிழைப்பு. படிப்பு அஞ்சாவது, அதையும் பாதி பெஞ்சு மேல் நின்றே படித்தேன். நோம்பிக்கு முதல் நாள் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மாட்டச் சொன்ன படத்தைப் பிரித்தால், முழுக்கக் கறுப்பும் வெள்ளையும். மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுத்ததாம். நடுவில் ஒருத்தி ஆடுகிறாள். முழங்கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். சுற்றிலும் கூட்டம். ஒரு முகமும் முகமாக இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் கீறல்.

அங்கே வேலை செய்கிற பொண்ணு பக்கத்தில் வந்து நின்றது.

"எப்படீங்கண்ணா இருக்குது படம்?"

"நான் கம்பம் ஆடற மாதிரியே இருக்குதுங்க. என்ன, எனக்குத் தொப்பை கூட."

சிரித்துவிட்டு அது விளக்கம் சொன்னது. "அந்தக் கூட்டம் அவளப் பாத்தே தின்னுதுங்கண்ணா. அவ பயத்துல துடிக்கிறா."

"பயந்தவ காலு அத்தன ஒசரம் போகுமுங்களா? அவ கூட்டத்தப் பாக்கவே இல்லீங்களே."

"அப்படியும் சொல்லலாமுங்க. ஆனா நான் படிச்சதுல பயம்னுதான் போட்டிருந்துச்சு."

படித்த பிள்ளை, அது சொன்னதுதான் சரியாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். ஏணியில் நின்று படத்தை நேர் பண்ணும்போது என் மூக்குக்கு எதிரே அவள் கால் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்டுத் தூக்கிய காலாக அது எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள், அவள் ஆடுகிறாள். நான் நாலு சம்பந்திக்காரருக்குப் பயந்து 'சரி அம்மணி' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். த்தூ.

மறுநாள் சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையோடு சம்பந்தி பக்கத்தில் பிள்ளையார் மாதிரி நின்றேன். மேளம் அடி மாறியது. சட்டையைக் கழற்றி மகள் கையில் கொடுத்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க!" என்றாள் சம்சாரம்.

கேட்டது. கேட்டுக்கொண்டேதான் உள்ளே இறங்கினேன். இரண்டாவது சுற்றில் வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்தது, பிடித்துக்கொண்டே ஆடினேன். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்போ, அசிங்கமோ, எனக்குத் தெரியாது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வருசா வருசம் இப்படித்தானுங்களா?"

"ஆமாங்க. அடுத்த வருசமும் வாங்க."

சம்சாரம் ரெண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், சட்டியைப் பலமாக வைத்து.