ஐஸ் அக்காவின் ஏழு கேள்விகள்

எங்கள் கம்பெனி குழந்தைகளுக்கான கிரீம் தயாரிக்கிறது. டப்பா மேல் ஒரு பச்சை இலை, அதன் கீழே 'முழுக்க முழுக்க இயற்கை' என்று எழுத்து. கீழே கிரீம் கலக்குவார்கள். மாடி அறையில் ஜன்னல் பக்கம் நான் பார்சல்களுக்கு முகவரி ஒட்டுவேன். எதிர் மேசையில் ஃபோனோடு உட்கார்ந்திருப்பவர் ஐஸ் அக்கா. புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் எவ்வளவு கொதித்துப்போய் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுவார்கள். அப்படி வந்த பெயர்தான் அது.

குரல் அப்படி. அவர் "சொல்லுங்கம்மா" என்றால் எனக்கே ஏதாவது புகார் சொல்லலாம்போல் இருக்கும். அவரிடம் ஒரு தாள் உண்டு. அதில் ஏழு கேள்விகள். குழந்தைக்கு சோப்பு மாற்றினீர்களா, துணிக்குப் புது பவுடரா, தாய்ப்பால் கொடுக்கிறவர் முட்டை, மீன், வேர்க்கடலை சாப்பிட்டாரா, வீட்டில் பூனை உண்டா, அறை புழுக்கமா, வெளியாள் யாராவது தூக்கிக் கொஞ்சினார்களா. கடைசியாகத்தான், கிரீமை நிறுத்திப் பார்த்தீர்களா. வரிசையை அமைத்தது அக்காவேதான். மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர், நேற்று முட்டை சாப்பிட்டோமே என்று தங்கள் தலையில் தாங்களே குட்டிக்கொண்டு, நன்றி வேறு சொல்லி ஃபோனை வைத்துவிடுவார்கள். ஏழாவது கேள்வி வரை தாக்குப்பிடிக்கிறவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அக்கா நோட்டில் கூப்பிட்ட எல்லோருடைய நம்பரையும் எழுதி, எதிரே 'உணவு' என்றோ 'சோப்பு' என்றோ குறித்துக்கொள்வார். முதலாளிக்கு அந்த நோட்டைப் பார்த்தால் வாயெல்லாம் பல்.

அக்கா ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அந்தக் கிரீமை மனதார நம்பினார். நம்பாமல் பதினோரு வருடம் அப்படி ஒரு குரலில் பேச முடியாது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்ததும் ஆறு டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் அவர்.

இரண்டாவது மாதத்தில் தங்கை ஆபீஸுக்கே கூப்பிட்டாள். குழந்தையின் கன்னம் சிவந்து செதில் செதிலாக உரிகிறது, தூங்காமல் அழுகிறது என்றாள். பேசுவது தங்கை என்று தெரிந்தும் அக்காவின் வாய் தாளைத்தான் படித்தது. பழக்கதோஷம். தங்கையும் மூன்றாவது கேள்வியில் விழுந்தாள். அன்றோடு முட்டையை விட்டாள். அடுத்த வாரம் மீன், அதற்கடுத்த வாரம் கடலை, பிறகு பால், தயிர். சிவப்பு மட்டும் குறையவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் கணவர் சொன்னதற்கு, அவர் கெமிக்கலைத்தான் எழுதித் தருவார் என்று மறுத்துவிட்டாளாம். "கிரீமை மட்டும் விடாம போடு, ஆத்திடும்" என்று அக்கா ஃபோனில் சொன்னதை நான் காதாரக் கேட்டேன். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முகவரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நேரில் போனார். நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். தங்கையின் கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதாம். தட்டில் வேகவைத்த காயைத் தவிர ஒன்றுமில்லை. குளிப்பாட்டுவதற்காகக் குழந்தையின் சட்டையைக் கழற்றினார்கள். கன்னம், முழங்கை, முழங்கால் எல்லாம் புண். வயிற்றிலும் முதுகிலும் ஒரு பொட்டுச் சிவப்பில்லை. முதுகுக்கு என்ன போடுகிறாய் என்று அக்கா கேட்டார். ஒன்றும் போடவில்லை, டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று முதல் நாளிலிருந்தே இந்த இடங்களுக்கு மட்டும்தான் போடுகிறேன் என்றாள் தங்கை.

அக்கா கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கிரீம்தான்டி."

தங்கை கத்தவில்லை. "இதுக்கு முன்னாடி வேற யாரும் சொல்லலையாக்கா?" என்று கேட்டாள்.

"சொல்ல வந்தாங்க. நான்தான் விடல."

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். கிரீமில் உள்ள வாசனை எண்ணெய் இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இந்த வயதில் தோல் அவ்வளவு மெல்லிசு என்றார். கிரீமை நிறுத்திப் பத்து நாளில் கன்னம் தெளிந்தது. தங்கை முட்டை சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. கீழே கிரீம் கலக்குகிறவரிடம் நான் இதைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, மிளகாயும்தான் செடியில் காய்க்கிறது, அதற்காகக் குழந்தை கன்னத்தில் தேய்ப்போமா என்றார். வாசனைக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெய் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னாராம். இயற்கை என்று போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டப்பாக்களுக்கெல்லாம் முகவரி ஒட்டி அனுப்பியது என் கை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, 'உணவு' என்று குறித்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். குறிப்பெழுதக் கை வேண்டும் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். சிலர் எடுக்கவில்லை. சிலர் எப்போதோ வேறு கிரீமுக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதாவதாக எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். குழந்தைக்கு இப்போது எட்டு மாதம், நன்றாக இருக்கிறது என்றாள். அக்கா விஷயத்தைச் சொன்னார். அன்று தான் கேட்ட கேள்விகளை மறந்துவிடும்படியும், காரணம் சாப்பாடாக இல்லாமல் எங்கள் கிரீமாகவே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் பின்னால் ஏதோ பொம்மை கிலுகிலுத்தது.

"நீங்க கேட்டதும் எனக்குப் பயமாயிடுச்சுங்க. எல்லாத்தையும் விட்டுப் பாத்தேன். அப்பவும் போகல. என் பால்தான் ஆகலன்னு வீட்லயும் சொன்னாங்க. மூணாவது மாசமே பால் குடுக்கறத நிறுத்திட்டேன். புட்டிப்பாலுக்கு மாறினப்போ கிரீமும் தீந்துபோச்சு, அப்புறம் வாங்கல. குழந்தைக்கு உடம்பு சரியாச்சா, அப்ப பால்தான்னு முடிவே பண்ணிட்டாங்க."

அக்கா பேனாவை மூடினார்.

"அப்ப என் பால் நல்லாத்தான் இருந்துச்சாங்க?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஐஸ் அக்காவுக்குக் குரல் வரவில்லை. நான் எழுந்து போய் ஃபோன் பக்கம் குனிந்து, "நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றேன்.