இரண்டு டம்ளர்களுக்கு நடுவே ஒரு காகிதம்

இரண்டு எவர்சில்வர் டம்ளர்களுக்கு மேல் பாலம்போல ஒரு காலண்டர் தாள், விசிறியாக மடித்தது. அதன்மேல் தண்ணீர் நிரம்பிய இன்னொரு டம்ளர். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் வாடகை அறைக் கதவைத் திறந்ததும் இதைப் பார்த்தபோது, கூடத் தங்கியிருந்தவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, வேறு வேறு ஷிப்ட். நான் வரும்போது அவள் போயிருப்பாள். நான் திருநெல்வேலிப் பக்கம், அவள் சிங்காரப்பேட்டை. கட்டடங்கள் ஏன் விழாமல் நிற்கின்றன என்று படம் போட்டு விளக்கும் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்தாள். எனக்கோ புத்தகம் என்றாலே கொட்டாவி வரும். ஞாயிற்றுக்கிழமை, என்னடி இது என்று கேட்டேன்.

"வெறும் பேப்பரு தொங்கிப்போவும். கொசுவம் வச்சா நிக்கும். நம்ம பொடவை மாதிரிதான்."

அதன்பிறகு நானும் படித்தேன். தீக்குச்சிகளை ஒட்டி ஒரு முக்கோணம் செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பினால் பக்கத்தில் இன்னொரு முக்கோணம் சேர்ந்திருக்கும். ஊரைவிட்டு அவ்வளவு தூரம் வந்திருந்த எனக்கு, அறையில் ஏதாவது மாறியிருக்கும் என்ற நினைப்பே பஸ்ஸில் துணை. இருவரும் பகுதிநேர சிவில் டிப்ளமோ சேர்வதாக முடிவெடுத்தோம். தெரியாத வகுப்பில் தனியாக உட்கார எனக்குப் பயம். அவள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு, கல்யாணம் என்று அவள் அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார். நான் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தால் கொடியில் அவள் துணி இல்லை. அதே மடித்த தாள். மேலே தண்ணீர் டம்ளருக்குப் பதிலாக அந்தப் புத்தகம். அன்று நான் சமைக்கவில்லை. புத்தகத்தை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று போன் செய்து கேட்டேன்.

"அங்க கொண்டுபோயி எங்க வெக்கிறது? நீ சேந்துக்கடி" என்றாள். கொஞ்ச நாளில் அந்த எண்ணும் உபயோகத்தில் இல்லாமல் போய்விட்டது.

சேர்ந்தேன். தனியாகத்தான் உட்கார்ந்தேன். இன்று ஓசூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில், எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. இரண்டு அறை வீடு, நான் ஒருத்தி. சில நாள் காலையில் ஒரு தாளை மடித்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்துவிட்டுப் போகிறேன். கிறுக்குத்தனம்தான், தெரியும். சாயங்காலம் கதவைத் திறந்ததும் கண் நேராக அங்கேதான் போகிறது. தாள் கொஞ்சமும் தொய்வதில்லை. டம்ளர் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.