எட்டுக்கு எட்டில் பன்னிரண்டாயிரம் லிட்டர்

தரைக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டுவது எளிய தொழில். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கத் தெரிந்தால் போதும், மற்ற கஷ்டமெல்லாம் தொட்டிக்குச் சொந்தக்காரர்களால் வருவது. கொத்தனார்களே, டைல்ஸ்காரர்களே, அளவு டேப்போடு அடுத்தவர் வாசலில் நிற்கும் சகலரே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. திண்டுக்கல்லில் கட்டிய ஒரே ஒரு தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

ஒரு லாரித் தண்ணீர்

ஜெயராணி அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அவர் மகள் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வரவேண்டிய பெண், பாலசமுத்திரத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் மேலும் தப்பில்லை. அக்கா தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. விலைக்கு வாங்கலாம் என்றால் லாரிக்காரர் பன்னிரண்டாயிரம் லிட்டரையும் ஒரே இடத்தில்தான் இறக்குவார். பாதி லோடு கிடையாது. ஒரு லாரி முழுதாகக் கொள்ளும் தொட்டி இருந்தால் மகள் வருவாள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையை அக்கா போட்டோவில்தான் பார்க்கவேண்டும்.

நான் வாசலை அளந்துகொண்டிருந்தபோதே சம்பந்தியம்மா போனில் வந்தார். பேச்சில் பிரியம்தான் இருந்தது. கேட்டுவிட்டு அக்கா முகம் மட்டும் சுருங்கிப்போனது.

"ஏனுங்க, எதுக்குங்க சிரமம்? புள்ள இங்கயே இருக்கட்டுங்க. இங்க தண்ணி தாராளமா இருக்குதுங்க."

ஒன்பது ஆகாது

இருந்த இடத்துக்கு உள்ளளவு ஒன்பதுக்கு ஒன்பது போடலாம். தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தரை அடி. பெருக்கினால் நானூற்று நாற்பத்தைந்து கன அடி, கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர்ச் சொச்சம். லாரி தாராளமாக அடங்கும். நான் சுண்ணாம்புக் கோடு போடும்போது அக்காவின் கணவர் அருள்சாமி வந்தார். நிலக்கோட்டைச் சந்தையில் பூ கமிஷன் கடை வைத்திருப்பவர். மனையடி சாஸ்திரப்படி ஒன்பது அடி ஆகாது, எட்டு என்றால் யோகம் என்றார்.

எட்டுக்கு எட்டு என்றால் பத்தாயிரம்கூடத் தேறாது என்றேன். "ரெண்டு பக்கமும் ஒத்த ஒத்த அடிதானே குறையுது" என்றார். இந்த ஒத்த அடியில் இரண்டாயிரத்து அறுநூறு லிட்டர் போய்விடும் என்பதைத் தரையில் கட்டம் போட்டே காட்டினேன். கட்டம் அழகாக இருப்பதாகச் சொன்னார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவராயிற்றே, மனையடியெல்லாம் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"சாமி வேற மேஸ்திரி, அளவு வேற."

வட்டமும் மல்லிகையும்

சரி, ஆழமாவது கூட்டலாம் என்றால் ஆறடிக்குக் கீழே பாறை. திண்டுக்கல்லில் இதற்கெல்லாம் ஆச்சரியப்படக்கூடாது. அருள்சாமி யோசித்துவிட்டு, வட்டத் தொட்டியாகப் போடலாம், வட்டத்துக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது, சாஸ்திரம் ஒன்றும் செய்யமுடியாது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த இடத்தில் ஒன்பதடி வட்டம்தான் வரும். நான்கு மூலையும் போய்விடுவதால் எட்டுக்கு எட்டுச் சதுரம் பிடிக்கிற அளவுதான் அதுவும் பிடிக்கும். இதைச் சொன்னதும் என் படிப்பின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு பையில ரெண்டு பை மல்லியை அமுக்கி வேன்ல ஏத்துறோம். தண்ணிய மட்டும் ஏன் அமுக்க முடியாதுங்குறீங்க?"

முகூர்த்த வாரம்

அடுத்து வந்தது முகூர்த்த வாரம். பூ விலை ஏறியதால் அருள்சாமியால் சந்தையை விட்டு நகர முடியவில்லை. அந்த வாரத்தில்தான் சுவர் எழும்பியது. உள்ளே ஒன்பதுக்கு ஒன்பது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கடைசி அரையடியில் மட்டும், நாலு பக்கமும் செங்கலை அரையடி உள்ளே நீட்டினேன். மேல்வாய் எட்டுக்கு எட்டு ஆனது. மேலே போடும் கான்கிரீட் மூடிக்கும் இது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து அவர் டேப்போடு வந்தார். குறுக்கே பிடித்தார், நெடுக்கே பிடித்தார். எட்டு, எட்டு. டார்ச் அடித்து உள்ளே ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், மானம் போயிருக்கும். பின்னால் நின்ற அக்காவுக்கு ஒரு பதற்றமும் இல்லை. யோசனையே அவருடையதுதானே.

"பயப்படாதீங்க தம்பி. அவருக்கு முட்டி வலி, செத்த நேரம்கூடக் குனிய மாட்டாரு."

உடைசல்

டைல்ஸில் மாட்டிக்கொண்டோம். எட்டடித் தொட்டிக்குத் தரையும் நாலு சுவரும் சேர்த்து இருநூற்று நாற்பது சதுர அடி வரும். ஒன்பதடித் தொட்டிக்கு இருநூற்று எண்பது. கொள்ளளவை மறைக்கலாம், பரப்பளவை எப்படி மறைப்பது? பெட்டி பெட்டியாக வாசலில் வந்து இறங்குகிறதே. நாற்பது சதுர அடி ஏன் கூடுதல் என்று கேட்டார் அருள்சாமி. உடைசல் என்றேன். உடைந்த சில்லு ஒன்றைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை. டைல்ஸ் ஒட்டும் முருகேசன் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்க ஆளு ஒட்ட வந்தாரா, திங்க வந்தாரா?"

லாரி வந்தது

லாரிக்காரர் மூடித் திறப்பில் எட்டிப் பார்த்து, நிரம்பி வழிந்தால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தோடு தயாராக நின்றார்கள். கடைசிச் சொட்டும் உள்ளே போனது. குடங்கள் வெறுமனே திரும்பின. அக்கா அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். பேசும்போதே அழுதுவிட்டார்.

ஸ்டெல்லா வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நான விருந்தில் என்னைப் பந்தியில் முதல் ஆளாக உட்காரவைத்தார் அருள்சாமி. சாஸ்திரப்படி அளவு வைத்தால் தண்ணீர் தானாக அடங்கும், மேஸ்திரியே கண்ணால் பார்த்த சாட்சி என்று பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். வாயில் சோறு இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து இலையில் இருந்த வடமதுரைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அதே எட்டுக்கு எட்டுதான் வேணும். பன்னெண்டாயிரம் பிடிக்கணும். ஆனா அருள்சாமி மாதிரி எனக்கு முட்டி வலியெல்லாம் கிடையாது, தினமும் உள்ள இறங்கிப் பாப்பேன்."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கன அளவுச் சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை, அதை வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் அன்று பாயசம் வரை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.