தம்பிக்கும் இரண்டு காதுதான்

பிள்ளைகளே, உங்கள் அக்காவுக்குக் காது குத்திய படம் ஆல்பத்தில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். சங்கரன்கோவிலில் நாங்கள் பிடித்த போட்டோக்காரர் அப்படிப்பட்டவர்.

முன்னும் பின்னும் பையாக வைத்துத் தைத்த சட்டை போட்டிருப்பார். கழுத்தில், படம் எடுக்கப் பழகுகிறவர்கள் முதலில் வாங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா தொங்கும். ஒவ்வொரு படம் எடுத்ததும் சண்டி மாட்டைப் பார்ப்பதுபோல் அதை முறைப்பார். வாங்கப்போகும் கேமராவைப் பற்றிப் பேசும்போதுதான் முகம் மலரும்.

அக்கா தாய்மாமன் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். போட்டோக்காரர் என்னிடம் செல்போனை நீட்டினார். அதில் அவர் வாங்க நினைக்கும் இரண்டு கேமராக்களின் படம் இருந்தது.

“ஃபுல் ஃபிரேம்ல பெருசு வாங்கவா, மிரர்லெஸ்ல சின்னது வாங்கவா? நீங்க என்ன சொல்லுதீய அண்ணாச்சி?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா வீறிட்டாள். ஒரு காது முடிந்துவிட்டது.

“என்னவே, படம் எடுத்தீரா?” என்றார் மாமன்.

“இன்னொரு காது இருக்குல்லா, ஏன் பதறுதீய?” என்றவர், பழைய லென்ஸ் புதுக் கேமராவில் பொருந்துமா என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். அந்தக் காதும் முடிந்தது.

அழுத முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “புதுக் கேமரான்னா குத்துததுக்கு முன்னாலயே பிடிச்சிருக்கும்.”

அவர் புதுக் கேமரா வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, போன வாரம் தம்பியின் காதுகுத்துக்கும் அவரையே கூப்பிட்டோம். பளபளவென்று கழுத்தில் தொங்கியது. ஆசாரி ஊசியை எடுத்தார். இவர் என்னிடம் செல்போனை நீட்டினார்.

“இதுக்கு அடுத்த மாடல் வந்துட்டு அண்ணாச்சி.”

தம்பிக்கும் இரண்டு காதுதான்.