லேஞ்சி கட்டிய கதிரை

இது நடந்தது. ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நேரங்கள் எல்லாம் ஜெயரூபி தன் கொப்பியில் குறித்து வைத்தவை. அன்புவழிபுரத்தில் இருக்கிறாள், நூலகத்தில் வேலை. எதையும் இலக்கம் போட்டு வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரேயொரு கணத்துக்கு மட்டும் அவள் நேரம் குறிக்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

கடந்த ஆவணி மாதம், திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துப் பழைய அரிசிப் பண்டகசாலை ஒன்றில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் குறும்பட விழா நடந்தது. எல்லாம் புதுப் படங்கள். நடத்தியவர் கிண்ணியா அப்ராஸ். பார்த்தவர்கள் எழுதும் கருத்தை வைத்தே சிறந்த படம் தெரிவாகும் என்று அவர் அறிவித்திருந்தார். அந்தப் பொறுப்பை ஜெயரூபி எடுத்தாள். அறுபது கதிரைகளின் முதுகிலும் இலக்கம் ஒட்டினாள். ஒவ்வொன்றிலும் கருத்து எழுத அதே இலக்கமிட்ட ஒரு கடதாசித் துண்டு வைத்தாள். படம் முடிந்ததும் துண்டுகள் பெட்டிக்குள் விழும்.

அவள் தம்பி யதுர்சனின் படமும் விழாவில் இருந்தது. பதினொரு நிமிடம். கமரா பிடித்தவன் அவனுடைய கூட்டாளி சிந்துஜன். நிலாவெளிப் பக்கம் படகு கட்டும் ஓர் உடைந்த ஜெட்டியில் எடுத்தது. எடுத்த அன்று யதுர்சனின் லேஞ்சியைக் காற்று பறித்துக் கடலில் போட்டது. நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. ஒரு மூலையில் ஜெயரூபியின் அயன் சுட்ட தழும்பு. புதுசு வாங்கித் தரமாட்டேன் என்று அவள் ஏசினாள்.

விட்டுப்போன சில காட்சிகளை எடுக்க இருவரும் திங்கள் காலை மறுபடி அங்கே போவதாக இருந்தார்கள். அது அவர்கள் இருவருக்கும் ஜெயரூபிக்கும் மட்டும்தான் தெரியும்.

சனி காலை 10.00. முதல் படம் ஒரு தையல்காரரைப் பற்றியது. மகளின் பள்ளிச் சீருடையைத் தைத்து முடிக்குமுன் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடுகிறாள். கடைசிக் காட்சி கடற்கரையில். மண்டபம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பதினேழாம் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் முதுகில் ஒரு வெள்ளை லேஞ்சி கட்டியிருந்தது. பஸ்ஸிலும் சரி, படம் பார்க்கிற இடத்திலும் சரி, லேஞ்சி கட்டிய இடம் ஆள் இருக்கிற இடம்தான். யாரும் தொடவில்லை. யாரும் வரவும் இல்லை.

பெட்டியைத் திறந்து வாசித்தாள். நாற்பத்து மூன்றாம் துண்டு சொன்னது: ‘கதாநாயகன் என்ர மச்சான் மாதிரி இருக்கிறார். ஆனபடியால் பிடிக்கவில்லை.’ தனியே இருந்து சிரித்தாள்.

அடுத்தது பதினேழு. ஈரமாக இருந்தது. பென்சில் எழுத்து.

‘படம் நன்று. கடல் வரும் இடத்தில் சத்தம் போதாது. கீழே இதைவிடச் சத்தம்.’

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தாள்.

பிற்பகல் 2.15. ஓட்டோக்காரர் ஒருவரின் பகிடிப் படம். மண்டபமே குலுங்கியது. பதினேழில் ஆள் இல்லை. ஆனால் துண்டு இருந்தது.

‘சிரித்தேன். தனியே இருந்து சிரிப்பது பாரம்.’

ஞாயிறு காலை 10.00. யதுர்சனின் படம். ஒருவன் தன் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான் கதை. தம்பிக்கு இவ்வளவு வருமா என்று ஜெயரூபி வாய் திறந்து பார்த்தாள். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

பதினேழாம் துண்டைக் கடைசியாகத்தான் விரித்தாள்.

‘ஏழாவது நிமிடத்தில் நான் நிற்கிறேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பிள்ளை திங்களும் வருகிறான். நல்லது. பக்கத்து இடத்தைப் பிடித்து வைக்கிறேன்.’

11.25 என்று கொப்பியில் இருக்கிறது.

யதுர்சனிடம் காட்டினாள். அவன் சிரித்தான். “சிந்துஜன்ர வேலை அக்கா. அவனுக்கு வேற என்ன வேலை?”

அவளும் அப்படி நம்பத்தான் பார்த்தாள். நாளைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே படத்தை 2.30க்கு மறுபடி போடுவதாக அப்ராஸ் அறிவித்தார். துண்டுகளை வைக்க ஜெயரூபி 2.10க்கு உள்ளே போனாள். தனியே. யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை. வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு.

சொட்...

கூரையைப் பார்த்தாள். மழை பெய்து மாதக்கணக்கு.

சொட்... சொட்...

பதினைந்து. பதினாறு. பதினேழில் அந்த வெள்ளை லேஞ்சி.

பதினெட்டிலும் ஒன்று.

நீலக் கட்டம். நனைந்து தொங்கியது. மூலையைப் பிடித்துப் பார்த்தாள்.

அயன் சுட்ட தழும்பு.

முடிச்சு இறுகியிருந்தது. விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்தாள். வாயெல்லாம் உப்பு. 2.19க்கு அவிழ்ந்தது. கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தம்பியைக் கதவடியில் பிடித்து, தன் பக்கத்திலேயே நிற்கவைத்தாள். இனிப் பயமில்லை என்று நினைத்தாள்.

2.30. விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது.

கதவு கீச்சிட்டது. பிந்தி வந்தவன் சிந்துஜன். இடம் தேடினான். ஒரேயொரு கதிரைதான் லேஞ்சி கட்டாமல் வெறுமையாக இருந்தது.

பதினெட்டு.

அவன் போய் இருந்தான்.

ஜெயரூபி பார்த்தாள். எழும்படா என்று சொல்ல வாய் திறந்தாள். தம்பியின் கை அவள் கைக்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கொப்பியில் நேரம் இல்லாத கணம் அதுதான்.

2.37. ஏழாவது நிமிடம். திரையில் வெறும் ஜெட்டி. ஆனால் சிந்துஜன் இடப்பக்கம் தலையைச் சாய்த்திருந்தான். யாரோ காதோடு கதைப்பதைக் கேட்பதுபோல... தலையை ஆட்டினான்... ஆட்டினான்.

படம் முடிந்து வந்தவன் முகமெல்லாம் சந்தோசம்.

“பக்கத்தில இருந்தவர் நல்ல மனுசன் அக்கா. நம்மட ஜெட்டியை அவருக்கு நல்லாத் தெரியும்.”

“ஆர்?”

“பேர் கேட்கேல்லை. எனக்கெண்டு இடம் விட்டு வச்சிருந்தவராம்.”

அவனுடைய இடது கைச் சட்டை தோள்வரை நனைந்திருந்தது.

அன்று பின்னேரம் அவள் நீல லேஞ்சியை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளித்தாள். போனால் பிணமாகத்தான் என்னைப் பார்ப்பாய் என்று தம்பியிடம் அழுது சாதித்தாள். சிந்துஜனுக்கும் ஒரு செய்தி எழுதினாள். பைத்தியம் என்று நினைப்பானே என்று அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள்.

திங்கள் காலை சிந்துஜன் தனியே போனான்.

6.40க்கு மீன்பிடிக்காரர் ஒருவர் கமராவைக் கண்டார். முக்காலியில் நின்று ஓடிக்கொண்டே இருந்தது. சுழியோடிகள் நான்கு நாள் தேடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.

பொலிஸ் திருப்பிக் கொடுத்த பதிவைச் சிந்துஜனின் தகப்பன் கொண்டுவந்தார். தன்னால் பார்க்க ஏலாது, நீங்கள் பாருங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். அக்காவும் தம்பியும் பார்த்தார்கள்.

ஆறு நிமிடம் வெறும் கடல்.

ஏழாவதில் சிந்துஜன் வருகிறான். ஜெட்டியின் விளிம்பில் இருக்கிறான். இடப்பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டு. அந்தப் பக்கம் திரும்பிக் கதைக்கிறான். சிரிக்கிறான்.

ஓர் அலை.

பிறகு அவன் இல்லை. விழுந்த சத்தமும் இல்லை.

யதுர்சன் படத்தை நிறுத்தினான். சிந்துஜன் இருந்த இடத்துக்கு வலப்பக்கம் ஓர் இரும்புத் தூண். அதில் ஏதோ கட்டியிருந்தது. பெருப்பித்தான்.

நீலக் கட்டம்.

“அக்கா... உது என்ர லேஞ்சியெல்லோ?”

“இல்லை.”

“மூலையில கறுப்பாத் தெரியுது.”

“உன்ர இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

அவள் எழுந்து அறைக்குள் போனாள். லாச்சித் திறப்பு அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்கியது. ஒருநாளும் கழற்றவில்லை. மாலை 5.52.

லாச்சி பூட்டியபடியே இருந்தது.

திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் விரித்திருந்த கடதாசி மட்டும்...

ஈரம்.