இடம் விட்டு அடுக்கியவள்

பழனி பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையன் கைபேசியில் விழும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த டொக் டொக் சத்தம் என்னை மஞ்சூர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு இழுத்துப் போனது.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடிய வருடம். ஊரை விட்டுப் போன கிளார்க், டிவியில் மாட்டி விளையாடும் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலும் இதே கட்டை விளையாட்டுதான். கொழுந்து பறித்துப் பழகிய அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தாள். கட்டைகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடம் விடுவாள்.

"நெருக்கி அடுக்கணும்மா!"

"போடி, சாக்குல நெருக்கி அடைச்சா எலை வெந்துரும்."

தோற்பாள். மறுபடி தொடங்குவாள்.

ஒருநாள் சூப்பர்வைசர் வாசலில் நின்றார்.

"வேலையே இல்ல, வெளையாட்டு கேக்குதா? வீட்டைக் காலி பண்ணுங்க."

அம்மா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வேலை குடுங்கய்யா, எந்திரிக்கிறேன்."

"அதுலயும் தோத்துட்டயே!"

"தோத்தா எந்திரிச்சுப் போகணும்னு இதுல இல்லீங்க," என்று மறுபடி பொத்தானை அமுக்கினாள்.

எஸ்டேட்காரர்கள் வீட்டுக் கரண்ட்டைத் துண்டித்தார்கள். விளையாட்டு நின்றது, நாங்கள் போகவில்லை. பிறகு ஊர் ஊராக அலைந்தது நான்தான். அம்மா இன்றும் அதே வீட்டில் இருக்கிறாள்.

பையன் தோற்றுப்போய்க் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

"எடு தம்பி, மறுபடி போடு."