சூடு ஆறுமுன் கழன்ற சென்சார்

அனல்மின் நிலையத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. சூடு ஆறாத இரும்பில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. வீட்டுச் சண்டையையும் நான் அப்படித்தான் ஆறவிடுவேன். இரண்டு நாள் பேசமாட்டேன்.

எங்கள் காரின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார் மந்தாரக்குப்பம் மெக்கானிக். விலையைக் கேட்டே தலை சுற்றியது. கூலியாவது மிச்சமாகட்டும் என்று புது சென்சாரை வாங்கிவந்து, காரை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்பேனரைப் போட்டு மூச்சுமுட்டத் திருகினேன். பழையது அசையவே இல்லை.

"மெக்கானிக்கிட்டயே விட்டிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். எல்லாத்துலயும் உங்களுக்குப் பிடிவாதம்" என்றாள் மனைவி. நான் கத்திவிட்டேன்.

சாயங்காலம் வடலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அதே காரில் போகும்போதும் வரும்போதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குவார்ட்டர்ஸ் வந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, சுடச்சுட இருந்த குழாயில் மறுபடி ஸ்பேனரைப் போட்டேன். சூட்டில் பிடி இளகி, சென்சார் சுலபமாகக் கழன்று வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அழுக்குக் கையுறையோடு உள்ளே போய், "காலையில நான் கத்துனது தப்பு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதச் சொல்ல நாளன்னிக்கு ஆவும்னு நெனச்சேன்."